விடுதியும் பட்டறையும் கற்பிக்கும் பிரெஞ்சு: நாமக்கல் சமவெளியிலிருந்து ஒரு கடிதம்



சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து இராசிபுரம், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மரவள்ளிக் காடுகளும் கோழிப்பண்ணைகளும் லாரிப் பட்டறைகளும் மாறிமாறி வருகின்றன; அவற்றுக்கு நடுவே, வெளிமாவட்டத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் விடுதிப் பள்ளிகளின் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்கும் லாரிக்கும் பெயர்பெற்றது போலவே பிளஸ் டூ தேர்வுக்கும் தமிழகமெங்கும் பெயர்பெற்றது. அத்தேர்வின் முதற்பகுதியான மொழிப்பாடத்தில் தமிழுக்கு ஈடாக எடுக்கத்தக்க மொழிகளுள் பிரெஞ்சும் ஒன்று என்பதே இக்கடிதத்திற்குக் காரணம்.

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கிப் பத்தாம் வகுப்புவரை படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. எனினும் மேல்நிலை வகுப்புகளில் மொழித் தெரிவுக்கு இடம் உண்டு. அந்த இடத்தில் பிரெஞ்சை எடுக்கும் மாணவர் பலர் அம்மொழியை விரும்பி எடுப்பதில்லை. மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று சொல்லப்படுவதால் எடுக்கின்றனர். வினாவும் விடையும் மனப்பாடமாகி, தேர்வு முடிந்ததும் மறந்துபோகின்றன. மொழி ஒன்றுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை. ஏனெனில், அம்மாணவர் பிரெஞ்சின் சொற்களஞ்சியத்தில் பெரும்பங்கை ஆங்கிலத்தின் வழியே முன்னரே பெற்றிருக்கிறார். அதைச் சொல்லிக்காட்டுவார் இல்லாததால் அறிந்த சொல்லையே அந்நியச் சொல்லாக எண்ணி உருப்போடுகிறார்.

1066-இல் நார்மண்டிப் பகுதியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் சில நூற்றாண்டுகள் பிரெஞ்சே செல்வாக்குப் பெற்றிருந்தது. அக்காலத்தில் ஆங்கிலத்துக்குள் பல்லாயிரம் பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன. பின்னர் இரு மொழிகளும் இலத்தீனிலிருந்து தனித்தனியே கடன் வாங்கியதால் ஒப்புமை மேலும் பெருகியது. இவ்வாறு ஒரே மூலத்திலிருந்து பிறந்து வெவ்வேறு மொழிகளில் வாழும் சொற்களை மொழியியலார் இனச்சொற்கள் என்பர். பாடநூல்கள் இவற்றைப் பட்டியலாகத் தருவதோடு நின்றுவிடுகின்றன. நாமக்கல் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கோ அப்பட்டியலின் தேவையே இல்லை.

அப்பிள்ளை தங்குமிடம் ஹாஸ்டல். விடுமுறை நாளில் பெற்றோருடன் உண்ணப்போகும் இடம் ஹோட்டல். இவ்விரண்டும் ஒரே சொல். பழைய பிரெஞ்சில் ‘ஸ்’ ஒலியோடு வழங்கிய வடிவத்தை ஆங்கிலம் இடைக்காலத்தில் எடுத்து ஹாஸ்டல் என வைத்துக்கொண்டது. பின்னர்ப் பிரெஞ்சில் அந்த ‘ஸ்’ ஒலி தேய்ந்து மறைந்தது. மறைந்த பிறகு மீண்டும் ஒருமுறை கடன் வாங்கியபோது ஹோட்டல் கிடைத்தது. பேச்சில் ஒலி மறைந்த பிறகும் எழுத்தில் நெடுங்காலம் நின்ற அந்த ‘ஸ்’, பிரெஞ்சு அக்காதெமியின் அகராதி 1740-இல் மூன்றாம் பதிப்பாக வந்தபோது பல சொற்களிலிருந்து நீக்கப்பட்டது. அதன் இடத்தைக் காட்ட முந்தைய உயிரெழுத்தின் மேல் கூரை வடிவக் குறி இடப்பட்டது. இக்குறியைக் காணும் மாணவர் அதன்பின் ஒரு ‘ஸ்’ஸை மனத்தால் சேர்த்துப் பார்த்தால் பல சொற்கள் தாமே விளங்கும்: ‘ஓப்பித்தால்’ ஹாஸ்பிட்டலாகும், ‘ஃபோரே’ ஃபாரஸ்ட்டாகும், ‘ஃபேத்’ ஃபீஸ்ட்டாகும். குறி உள்ள இடமெல்லாம் ‘ஸ்’ இருந்ததில்லை என்ற எச்சரிக்கையும் இத்துடன் சேர்த்தே சொல்லப்பட வேண்டும்.

அதே விடுதியின் விண்ணப்பப் படிவத்தில் கையொப்பமிடுபவர் கார்டியன். பிள்ளைகளைக் கண்காணிப்பவர் வார்டன். இவ்விரு சொற்களும் காத்தல் என்னும் பொருளுடைய ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து பிறந்தவை. நார்மண்டி உள்ளிட்ட வட பகுதியின் பேச்சு, வேரின் ‘வ’ ஒலியைக் காத்தது. பாரிசைச் சூழ்ந்த நடுப்பகுதியின் பேச்சு அதைக் ‘க’ ஒலியாக்கியது. ஆங்கிலம் இரண்டையும் வெவ்வேறு காலத்தில் வாங்கிக்கொண்டது. இன்றைய பிரெஞ்சில் ‘க’ வடிவமே நிலைத்திருக்கிறது. சேலத்துக் கடைவீதியில் மின்சாதனம் வாங்குபவர் ஒரே மூச்சில் கேட்கும் கேரண்டி, வாரண்டி என்னும் இணையும் இவ்வகையே. வார் என்னும் போர், பிரெஞ்சில் ‘கேர்’ ஆவதும், வில்லியம் என்னும் பெயர் ‘கியோம்’ ஆவதும் இதே விதியால்தான்.

இனிச் சொல்லவேண்டிய விதி சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டிலிருந்து தொடங்குகிறது; தமிழ் மாணவருக்கு இவ்விதிகளுள் மிக நெருக்கமானதும் இதுவே. சேலம் மாவட்ட ஆட்சியராக 1820-களில் இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய பின் அங்கே தோட்டங்கள் பெருகின. சமவெளி மக்கள் இன்றும் அவற்றை எஸ்டேட் என்றே அழைக்கின்றனர். எஸ்டேட் என்பதும் ஸ்டேட் என்பதும் அடிப்படையில் ஒரே இலத்தீன் சொல்லின் இரு வடிவங்கள். சொல்லின் முதலில் ‘ஸ்’ஸும் வேறொரு மெய்யும் சேர்ந்து வந்தால், பிற்கால இலத்தீன் பேசிய மக்களுக்கு அது நாவில் எளிதாக வரவில்லை, அதனால் முன்னே ஓர் உயிரொலியைச் சேர்த்துக்கொண்டனர். இலத்தீன் ‘ஸ்கோலா’ பழைய பிரெஞ்சில் ‘எஸ்கோல்’ ஆகி, ‘ஸ்’ தேய்ந்தபின் இன்று ‘எக்கோல்’ என நிற்கிறது. நம் ஊர்ப் பெரியவர் ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேசன் என்றும் சொல்வது வேறெந்தக் காரணத்தாலும் அன்று. மெய்ம்மயக்கம் மொழிக்கு முதலில் வாராது என்பது தமிழ் இலக்கண மரபு. ரகரமும் லகரமும் மொழிமுதல் ஆகா என்பதால் இராமன், இலட்சுமணன் என எழுதும் வழக்கமும் இதற்கு அண்டையது. ஆகவே ‘எக்கோல்’ என்னும் சொல்லைக் கண்டு திகைக்கும் மாணவரிடம், அவருடைய பாட்டியார் இஸ்கூல் என்பது பிழையன்று, ஒரு பெரும் மொழி நடந்த வழியிலேயே பாட்டியாரும் நடந்திருக்கிறார் என்று சொல்லலாம். ‘எத்தா’ என்னும் அரசு, ‘எத்யூதியான்’ என்னும் மாணவர், ‘எப்பிஸ்’ என்னும் நறுமணப்பொருள் ஆகியவற்றின் முதல் உயிரை நீக்கி ‘ஸ்’ஸைச் சேர்த்தால் ஸ்டேட், ஸ்டூடண்ட், ஸ்பைஸ் எனத் தெரிந்த முகங்களே தோன்றும்.

லாரிப் பட்டறைகளில் வழங்கும் சேஸிஸ், கராஜ் என்னும் சொற்கள் மோட்டார் வண்டியோடு பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து நேரே வந்தவை. மேட்டூருக்குக் கீழே காவிரியில் கட்டப்பட்ட கதவணைகளைப் பொறியாளர் குறிக்கும் பராஜ் என்பதும் பிரெஞ்சே. இவற்றால் கிடைக்கும் பயன் சொற்பொருளோடு முடிவதில்லை. தமிழில் பால் பகுப்பு பொருளை ஒட்டியது. பிரெஞ்சிலோ அணைக்கும் பட்டறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும்கூட ஆண்பாலோ பெண்பாலோ உண்டு. ஆங்கிலம் இதில் உதவாது. ஆனால் சொல்லின் ஈறு உதவும். கராஜ், பராஜ் போன்ற ஈறுடையவை பெரும்பாலும் ஆண்பால். ஆங்கிலத்தில் ‘ஷன்’ என ஒலிக்கும் ஈற்றையுடைய நேஷன், எஜுகேஷன் போன்றவை பிரெஞ்சில் பெண்பால். யூனிவர்சிட்டி, லிபர்ட்டி என்பன ‘யூனிவெர்சித்தே’, ‘லிபெர்த்தே’ எனத் ‘தே’ ஈறு பெறும்போது அவையும் பெரும்பாலும் பெண்பால். மூன்று ஈறுகளால் ஆயிரக்கணக்கான சொற்களின் பாலை ஊகிக்க இயலும் என்றால், அதைச் சொல்லித்தராமல் சொல்வாரியாக மனப்பாடம் செய்விப்பது மாணவரின் காலத்தை வீணாக்குவதாகும்.

வேதியியல் பாடத்தில் ஒப்புமை இன்னும் நெருக்கமானது. 1787-இல் வேதியியலாளர் லவாய்சியேயும் அவருடைய தோழர் மூவரும் பாரிசில் வெளியிட்ட வேதிப்பெயரிடு முறையே ஆக்சிஜன், ஹைட்ரஜன், சல்பேட், நைட்ரேட் ஆகிய பெயர்களை உலகுக்குத் தந்தது அல்லது நிலைநிறுத்தியது. மீட்டரும் லிட்டரும் கிராமும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அளவுகள். எனினும் நைட்ரஜனைப் பிரெஞ்சுக்காரர் ‘அசோத்’ என்கின்றனர்; உயிர்வாழ உதவாதது என்னும் கருத்தில் அதே அறிஞர் குழு இட்ட பெயர் அது.

ஒப்புமையை நம்பி ஏமாறும் இடங்களும் உள்ளன. வடிவம் ஒத்துப் பொருள் மாறும் சொற்களைப் ‘பொய் நண்பர்’ என்பது, கோஸ்லர், தெரோக்கிஞி என்னும் இருவர் 1928-இல் வெளியிட்ட நூலின் தலைப்பால் பரவிய வழக்கு. மருத்துவராகும் கனவோடு இங்கே தங்கிப் படிக்கும் மாணவர் ‘ஃபிசிசியேன்’ என்பதை ஃபிசிஷியன் என்று கொள்வார். அதன் பொருளோ இயற்பியலாளர். மருத்துவர் ‘மெட்சேன்’ ஆவார். ‘லிப்ரேரி’ நூல்கள் விற்கும் கடை, நூலகம் அன்று. ‘கொலேழ்’ என்பது பதினொரு வயது முதல் பதினைந்து வயது வரையுள்ளோர் பயிலும் பள்ளி.

இவற்றைவிடப் பெரிய தடை செவியில் உள்ளது. இனச்சொற்கள் கண்ணுக்கே உதவுகின்றன. இறுதி மெய்கள் பல ஒலிக்காமல் போவதாலும், உயிரொலிகள் மூக்கின் வழியே வருவதாலும், எழுத்தில் அறிந்த சொல்லும் பேச்சில் அறியாததாகிவிடும். எழுத்துத் தேர்வையே இலக்காகக் கொண்ட வகுப்புகளில் செவிப்பயிற்சிக்கு இடமில்லாமல் போவது வருந்தத்தக்கது.

இச்சமவெளி ஒருகாலத்தில் எதிர்த்திசையில், பிரெஞ்சுக்காரர் தமிழைக் கற்ற கற்றலையும் கண்டது. 1930-இல் சேலம் மறைமாவட்டம் அமைந்தபோது அதன் முதல் ஆயராக வந்த ஆன்றி ப்ருனியே, பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். அதே சபையின் முசே, துய்ப்புய் என்னும் குருமார் புதுச்சேரியில் 1855-இலும் 1862-இலும் இரு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்–பிரெஞ்சு அகராதி, ஆங்கிலத்தின் துணையின்றித் தமிழையும் பிரெஞ்சையும் நேருக்கு நேர் நிறுத்தியது. அந்த நேர்வழியிலும் மாணவருக்குத் தெரிந்த சொற்கள் சில காத்திருக்கின்றன: கட்டுமரம் பிரெஞ்சில் ‘கத்தமரான்’ எனவும், கறி ‘காரி’ எனவும், சேலத்துக்குப் புகழ் தந்த மாங்கனி போர்த்துக்கீசியர் வழியே ‘மாங்க்’ எனவும் வழங்குகின்றன.

சேலத்திலிருந்து ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாகச் செல்லும் சாலை புதுச்சேரியை அடைகிறது. 1889 முதல் அங்கே இயங்கிவரும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்னும் பிரெஞ்சு மொழி நிலையத்தில் செவிக்கும் நாவுக்கும் பயிற்சி எவ்வாறு தரப்படுகிறது என்பதை அடுத்த கடிதம் விளக்கும்.