மணல் பார்க்கப் போன கதை

மணலூர்பேட்டையிலிருந்து மணல் பார்க்க ஜெய்சல்மேர் போகிறோம் என்றதும், "நம்மூரு மணலைத்தான் அள்ளிட்டாங்களே, அங்கயாச்சும் பாத்துட்டு வாங்க" என்றார் அம்மா.

1156இல் ராவல் ஜைசல் நிறுவிய கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பட்வா மாளிகைகளின் மஞ்சள் கல்லை, மரத்தை இழைப்பதுபோல் இழைத்திருக்கிறார்கள். மாலையில், நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள சாம் மணற்குன்றுகளில் ஒட்டகச் சவாரி. இறங்கியதும் எங்கள் மகள் மணலைக் கையால் தோண்டினாள். "பாட்டி சொன்ன மாதிரி ஊத்து வருமா?" என்றாள்.

தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரி காணும் எங்கள் தென்பெண்ணையில், முழங்கை ஆழத்தில் ஊற்று சுரந்த காலம் உண்டு. அந்த மணலில் பெரும்பகுதி லாரி ஏறிப் போயிற்று. நாங்களும் அதில்தான் வீடு கட்டினோம்.

மறுநாள் கடிசர் ஏரியில் படகேறினோம். அரிதாய்ப் பெய்யும் மழையைத் தேக்கி, முன்னாளில் அந்நகருக்கே குடிநீர் தந்த ஏரி அது. பாலை தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பிறப்பது என்று சிலப்பதிகார வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். மருதமும் திரியும் என்பது அந்தப் படகில்தான் எங்களுக்கு உறைத்தது.