காலி ஆர்க்கெஸ்ட்ராவும் என் விசிலும்

டோக்கியோவில் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு நாய் சிலை இருக்கிறது. ஹாச்சிகோ என்று பெயர். செத்துப்போன எஜமானருக்காக ஒன்பது வருஷத்துக்கும் மேலாக அதே ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்த ஜீவன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதன் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன், கிட்டத்தட்ட அதே முகத்தோடு! ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் வரப் போகிறார்கள். கராவோகே. ஆளுக்கு ஒரு பாட்டாவது பாடியாக வேண்டும். எனக்கோ பாட வராது.

வேலையில் சேர்ந்து நாலு மாசம் ஆகியும் லிஃப்ட்டில் குனிந்து வணங்குவதோடு சரி, அவர்களோடு எனக்கு வேறு பேச்சில்லை. முதல் தடவையாகக் கூப்பிடுகிறார்கள். இன்றைக்கு டிமிக்கி கொடுத்தால் மத்தியானச் சாப்பாடு கடைசிவரை தனி டேபிளில்தான்.

மேடை, கூட்டம் என்று பயந்துகொண்டு போனால், அங்கே லாட்ஜ் மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன ரூம்கள். அரை மணிக்கு இவ்வளவு என்று தலைக்கு வாடகை. உள்ளே சோபா, டி.வி., இரண்டு மைக். பாடத் தெரியாதவன் குலுக்க ஒரு கஞ்சிரா மாதிரி சமாசாரம். (அதை நான் முதலிலேயே கைப்பற்றினேன்.)

'கரா' என்றால் காலி. 'ஓகே' வால் அறுந்த ஆர்க்கெஸ்ட்ரா. கோபே நகரத்து பார்களில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த டைசுகே இனோவே, 1971-ல் இதற்கு ஒரு மெஷின் செய்து வாடகைக்கு விட்டார். காப்புரிமை? வாங்கவே இல்லை மனுஷர்! 2004-ல் அவருக்கு இக் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். அடுத்தவரைச் சகித்துக்கொள்ளப் புது வழி காட்டினாராம். நியாயம்தானே?

பாடுவதைவிட பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு 'பதினெட்டாம் நம்பர்' பாட்டு உண்டு. கபுகி நாடகத்தில் இச்சிகாவா பரம்பரையின் பதினெட்டு பிரபல நாடகங்களிலிருந்து வந்த வார்த்தையாம் அது. மேலதிகாரியின் பதினெட்டை நீங்கள் பாடிவிட்டால் இன்க்ரிமென்ட்டை மறந்துவிடலாம் என்று பக்கத்து சீட்டுக்காரர் காதைக் கடித்தார்.

"உங்க ஊர்ப் பாட்டு பாடுங்களேன்!" என்றார் மேலதிகாரி. 1998-ல் இதே ஷிபுயாவில் ரஜினியின் 'முத்து' ஓடு ஓடென்று ஓடியதைப் பார்த்தவராம். அந்த மெஷினில் தேடினேன். தமிழ் அகப்படவில்லை.

ஆனால் நான் தயாராகத்தான் போயிருந்தேன். க்யூ சகமோட்டோ 1961-ல் பாடிய 'உவே ஓ முயித்தே அருகோ'. 1963-ல் அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆன பாட்டு. அங்கே அதற்கு வைத்த பெயர் 'சுகியாகி'. அது ஒரு மாட்டுக்கறிச் சமையல்! நம்ம சோகப் பாட்டுக்கு 'வத்தக்குழம்பு' என்று பேர் வைத்த மாதிரி. அதை ரயிலிலேயே துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி உருப்போட்டிருந்தேன்.

என் முறை வந்தது. மியூசிக் ஆரம்பித்தது. அதே சமயம் யாரோ புண்ணியவான் மூட் வேண்டுமென்று லைட்டைக் குறைத்துவிட்டார். சீட்டில் ஒரு எழுத்து தெரியவில்லை. டி.வி.யில் ஓடுவதோ ஜப்பானிய எழுத்து. முதல் வரி எப்படியோ வந்தது, பிறகெல்லாம் 'லாலலா'தான். எல்லோரும் மரியாதைக்குத் தாளம் போட்டார்கள். காது சுட்டது சார், அப்படியொரு அவமானம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பாட்டின் நடுவே வார்த்தையே இல்லாமல் விசில் மட்டும் வரும்! ஹாஸ்டல் பாத்ரூமில் மூணு வருஷம் சாதகம் செய்த வித்தை. உதட்டைக் குவித்து இழுத்தேன் பாருங்கள்... அடுத்த பாட்டுக்காகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மேலதிகாரி இன்னொரு மைக்கை எடுத்து, மிச்ச வரிகளை அவரே பாடிக் கரை சேர்த்தார்.

மெஷின் போட்ட மார்க் 62.

"இன்னொரு தரம்! பாட்டு நான், விசில் நீ" என்றார். அப்புறம்தான் தெரிந்தது, அவருடைய பதினெட்டாம் நம்பரே அதுதான்.

பத்து நிமிஷம்தான் பாக்கி என்று சுவரிலிருந்த போன் அடித்தது. பக்கத்து சீட்டுக்காரர் எடுத்து இன்னும் ஒரு மணி நேரம் கேட்டார்.

திங்கட்கிழமை கேன்டீனில் தட்டோடு நின்றேன். மூலை டேபிளிலிருந்து யாரோ விசிலடித்துக் கூப்பிட்டார்கள்.