கடைசி மூன்று கிலோ

எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் எழுந்தருளியிருக்கும் ராமானுஜருக்குத் 'தானுகந்த திருமேனி' என்று பெயர். தம்முடைய திருவுருவத்தைத் தாமே கண்டு உகந்தார் என்பது ஐதிகம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அந்தத் திருமேனியைச் சேவிக்கும் போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். என் திருமேனியை நான் உகந்து வெகு காலமாயிற்று.

சென்ற வருஷம் ஆனி மாதத்தில் என் எடை 84 கிலோ. உயரமோ 170 சென்டிமீட்டர்தான். மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துச் சொல்லும் இரத்தப் பரிசோதனையில் 6.1 என்று வந்தது. 6.5 ஆகிவிட்டால் நீரிழிவு, 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. நான் வாசற்படியில் நின்றேன். என் தகப்பனார் அந்த வாசற்படியைத் தாண்டிப் போனவர். கடைசி இரண்டு வருஷம் அவருடைய இடது பாதத்துப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியவன் நான். ஆகையால் வைத்தியர், "72-க்கு வந்து சேருங்கள்" என்று சொன்னபோது நான் தர்க்கம் செய்யவில்லை.

முதல் ஒன்பது கிலோ கரைந்ததெல்லாம் ஒரு திருவிழா மாதிரி. விடியற்காலையில் ஏரிக்கரையில் நடை. இரவில் சோறு பாதி, காய் இரண்டு பங்கு. பழைய சட்டைகள் பெட்டியை விட்டு வெளியே வந்தன. சக ஆசிரியர்கள் ரகசியம் என்னவென்று கேட்டார்கள். எட்டு மாதத்தில் 75-க்கு வந்தேன். வந்த இடத்திலேயே நின்றும் விட்டேன். பத்து வாரம் எடை இயந்திரம் அந்த ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது.

புகழ்ச்சியும் நின்று போய், அனுதாபம் ஆரம்பமாயிற்று. "என்ன ஸார், கன்னமெல்லாம் ஒட்டிவிட்டதே? உடம்புக்கு ஏதாவது...?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கலானார்கள். நம் ஊரில் பருத்தவன் செழிப்பாயிருக்கிறான். இளைத்தவனுக்கு ஒன்று வியாதி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கடன் இருக்கவேண்டும். 1930-ஆம் வருஷம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தாரல்லவா? தொண்டர்களுக்கு யாரும் சோறு போடக்கூடாதென்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் கட்டளையிட்டார். ஜனங்களோ உணவுப் பொட்டலங்களை வழியிலிருந்த மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். தமிழர்கள் சோறு போடுவதை வெள்ளைக்காரச் சர்க்காராலேயே தடுக்க முடியவில்லை. கல்யாணப் பந்தியில் ஒரு வாத்தியார் "போதும்" என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

வீட்டிலும் ஆதரவு குறைந்தது. "இன்னும் மூன்று கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது? உங்களைத் தராசில் நிறுத்தி யாரும் விலை பேசப் போவதில்லையே!" என்றாள் என் மனைவி. பதில் சொல்லத் தெரியவில்லை. ராமானுஜர் மந்திரார்த்தம் கேட்கத் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்பார்கள். பதினேழாம் முறையும் வெறுங்கையோடு திரும்பியபோது அவர் மனம் எப்படி இருந்திருக்கும் என்று ஏரிக்கரையில் யோசித்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

நான் கணக்கு வாத்தியார். அதே நடை, அதே சாப்பாடு. விடை மட்டும் மாறுவானேன் என்று எனக்குக் கோபம். தேடிப் படித்ததில், அது அதே நடையல்ல என்று தெரிந்தது. முன்பு 84 கிலோவைச் சுமந்து நடந்தேன். இப்போது 75-ஐச் சுமக்கிறேன். கூலி குறையத்தானே செய்யும்? சும்மா உட்கார்ந்திருந்தாலும் சிறிய உடம்புக்குச் சிறிய செலவுதான். போதாததற்கு, கொழுப்பு குறையக் குறைய லெப்டின் என்னும் சுரப்பும் குறைந்து பசியைக் கிளப்பி விடுகிறது; அதை 1994-ல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் இளைப்பதற்கென்றே நடந்த ஒரு போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்ததாம். பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும் பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். குற்றம் என்னுடையதல்ல, லெப்டினுடையது! அந்த ஆறுதல் ஒரு வாரம்தான் நீடித்தது. வாயில் போடுவதையெல்லாம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். விடைத்தாள் திருத்தும் நேரத்தில் என் இடது கை தானாகவே வேர்க்கடலை டப்பாவுக்குப் போய் வருவது அப்போதுதான் வெளிப்பட்டது. 50 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 280 கலோரி. மாணவர்கள் தப்புத் தப்பாய் எழுத எழுத, கை விரைவாகப் போகும்.

உண்மையில் என்னைத் தூக்கி நிறுத்தியது வேறொரு கணக்கு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவரைச் சேர்ந்தவர்களும் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. என்னைப்போல் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கமான யோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்கு செய்துகொண்டவர்களில் 39 சதவிகிதத்தினருக்குத்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படியாகக் குறையவேயில்லை! நடந்த நடை வீணாகவில்லை. தராசில்தான் அது தெரியவில்லை. அன்றைக்கே எடை இயந்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டேன். மாதம் ஒரு முறைதான் இறக்குவது.

அந்தச் சமயத்தில்தான் என் பழைய மாணவன் ஒருவனைக் கடைத்தெருவில் சந்தித்தேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவன், முப்பத்தொரு வயதில் 92 கிலோ இருந்தான். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். பஸ்ஸை விட்டிறங்கினால் பரோட்டா, பிறகு தூக்கம். "நீங்கள் எப்படி ஸார் இளைத்தீர்கள்?" என்று கேட்டான். அவனுடைய கேள்வியில் அனுதாபம் இல்லை. "நாளைக்கு ஐந்தேகால் மணிக்கு ஏரிக்கரைக்கு வா" என்றேன்.

இரவு ஷிப்ட் இல்லாத நாட்களிலெல்லாம் வருகிறான். கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக ஒரகடம் பக்கம் போகும் வேளையில் இருவரும் நடக்கிறோம். கனத்த உடம்பானாலும் பழைய ஓட்டக்காரன்; அவனோடு ஈடு கொடுக்க நான் மூச்சுவாங்க வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் என் இரத்தப் பரிசோதனையில் 5.8. எடை 74.2. அவனுக்கு நான்கு கிலோ குறைந்திருக்கிறது. அது திருவிழாக் காலம்.

நேற்று விடியற்காலை மழைச் சத்தம் கேட்டதும் சந்தோஷமாகப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். கைப்பேசி மணி அடித்தது.

"ஸார், கரையில் நிற்கிறேன். எங்கே இருக்கிறீர்கள்?"

"மழை பெய்கிறதே, அப்பா?"

"தூறல்தான், ஸார்."

குடை எங்கே இருக்கிறதென்று மனைவியை எழுப்பிக் கேட்க வேண்டியதாயிற்று.