யாழ் நகர வீதியில் ஓர் ஏடு தொடக்கம்

என் இளைய மகளுக்கு விசயதசமி நன்னாளில் ஏடு தொடக்கினோம். தட்டிலே பரப்பிய அரிசியில் அவளது விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்தவர் அப்பம்மா. அன்று மகிழ்ந்து எழுதிய பிள்ளை, சில மாதங்களில் புத்தகத்தைக் கண்டாலே அழலானாள். பிழை என்னுடையதே. ஆசிரியன் வீட்டுப் பிள்ளை பின்தங்கலாகாது என்றெண்ணி, மாலைதோறும் மேசை முன் இருத்தி அதட்டினேன்.

"கல்லூரியிலே நீங்கள் ஆசிரியர், வீட்டிலே அப்பாவாக இருங்கோ" என்றாள் மனைவி. அச்சொல் தைத்தது.

அடுத்த ஞாயிறு பிற்பகல், ஒரு படக்கதைப் புத்தகமும் ஒரு பொதி கச்சானும் எடுத்துக்கொண்டு, குடும்பமாக யாழ்ப்பாண நகருக்குப் புறப்பட்டோம்.

முதலிலே மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றோம். 1875 ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக, 1882 இல் எழுப்பப்பெற்றது அது. மகளுக்கோ வரலாறு வேண்டியிருக்கவில்லை. பெயர்ப்பலகை ஒன்றைச் சுட்டி, "அப்பா, அம்மாவின் 'மா' அங்கே நிற்குது!" என்று கூவினாள். அதன்பின் கடைக்குக் கடை எழுத்துத் தேடுவதே விளையாட்டாயிற்று.

சுப்பிரமணியம் பூங்காவில் மரநிழலில் அமர்ந்தோம். நான் கதையை வாசிக்க, மனைவி நரியாகவும் காகமாகவும் குரல் மாற்றினாள். பக்கம் புரட்டும் உரிமை மகளுக்கு. கதை முடிந்ததும் அவள் தானாகவே ஒரு குச்சியெடுத்து மண்ணில் 'நரி' என்று எழுதினாள். அண்ணன் ஓடியபோது கால்பட்டு அழிந்தது. சிணுங்காமல் மறுபடியும் எழுதினாள். அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் மணலிலே விரலால் எழுதிப் பயின்றதை நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து சிறிது தூரத்திலே வெண்ணிற நூலகம், முற்றத்திலே கலைமகள் சிலை. 'நூலகம்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்தவள், "தைக்கிற நூலா, அப்பா?" என்றாள். நகைத்தோம், ஆயினும் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் நூல் இயற்றுதலைப் பஞ்சிலிருந்து நூல் நூற்றலுக்கன்றோ ஒப்பிட்டார்!

மூத்தவனுக்கு வேறு வினா. 1959 இல் திறக்கப்பட்ட இக்கட்டடம் 1981 இல் எரிக்கப்பட்டதையும், ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலானதையும், பின்னர் புதுப்பிக்கப்பெற்றதையும் சொன்னேன். "புத்தகத்தை ஏன் எரித்தார்கள்?" என்றான். உடனே விடை கூற இயலவில்லை. தங்கையின் கையை அவன் பற்றிக்கொண்டு, "இவள் வளர்ந்ததும் இங்கே கூட்டி வருவேன்" என்றான்.

போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையைக் கடந்து பண்ணைக்குச் சென்றபோது பொழுது சாய்ந்தது. கடற்காற்றிலே கச்சான் கொறித்தபடி, அதே கதையை மகள் எங்களுக்குச் சொன்னாள். பாதி வாசிப்பு, பாதி நினைவு. நான் திருத்தவில்லை.

பெற்றோர்களே, இதற்குப் பெருஞ்செலவு இல்லை. வாரத்தில் ஒருநாள், கோயில் வீதியோ கடற்கரையோ வீட்டு முற்றத்து மாநிழலோ போதும். பிள்ளை கேட்கும்போது வாசியுங்கள், தடுமாறும்போது பொறுத்திருங்கள், அலுத்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள். திரும்பும் வழியில், பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்து "யா...ழ்" என்று இழுத்து வாசித்தாள் என் மகள். ஏடு தொடக்கிய நாளில் அப்பம்மா கண்ட மகிழ்ச்சியை அன்று அவள் முகத்தில் மீண்டும் கண்டேன்.