அரக்கோணம் லைனில் ஒரு பேய்!

பாஸ், ஐஞ்சிறுகாப்பியங்கள் ஞாபகம் இருக்கா? சூளாமணி, நீலகேசி, உதயணகுமார காவியம், யசோதர காவியம், நாககுமார காவியம்... ஒரு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி, எக்ஸாம் ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்த லிஸ்ட். அதுல நீலகேசியோட ஹீரோயின் ஒரு பேய்னு யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா? எனக்கும் சொல்லலை!

2009-ல் அமெரிக்காவுல ஒரு கூத்து. ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை சேத் கிரஹாம்-ஸ்மித் எடுத்தார். மூல வரிகளைப் பெரும்பாலும் அப்படியே வெச்சுக்கிட்டு, நடுநடுவே ஸோம்பிகளை இறக்கிவிட்டார். புத்தகம் பரபரனு வித்தது. 2016-ல் படமாவும் வந்தது. 'கிளாசிக்கை இப்படியா கெடுக்கிறது?'னு எங்க காலேஜ் கேன்டீன்ல ஒரு மணி நேரம் சண்டை. அதுக்குப் பதில் தேடினப்பதான் தெரிஞ்சுது, நம்மாளு ஒருத்தர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பேயைக் காப்பியத்துக்குள்ள கூட்டிட்டு வந்துட்டார்னு!

அம்பத்தூர்ல லோக்கல் டிரெயின் ஏறி ஆவடி, திருவள்ளூர் தாண்டினா திருவாலங்காடு. பக்கத்துலயே பழையனூர். கணவனால் கொலையான பெண் பேயா வந்து, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, 'இவர்தான் என் புருஷன்'னு அழுது பழிவாங்கின ஊர். அந்த வணிகன் உயிருக்கு வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும் தீயில் இறங்கினதா கதை. அம்மா நம்மளைத் திட்டுற 'நீலிக் கண்ணீர்' இவளோடதுதான்.

இந்த நீலியைத்தான், தன் பேரைக்கூட விட்டுட்டுப் போகாத ஒரு சமணப் புலவர் ஹீரோயின் ஆக்கினார். காளிக்கு உயிர்ப்பலி கொடுக்கிறதைத் தடுத்த முனிவரை விரட்ட, பழையனூர் நீலியை வரவழைக்கிறாங்க. சுடுகாட்டுல பயமுறுத்துறா, அழகான பெண்ணா வந்து மயக்கப் பார்க்குறா... மனுஷன் அசையலை. கடைசியில பேயே சிஷ்யையாகி, கொல்லாமையைப் பேச ஆரம்பிக்குது! பௌத்தர், ஆசீவகர், சாங்கியர்னு தேடிப் போய் வாதாடுறா. 'உயிர்னு தனியா ஒண்ணு கிடையாது, எல்லாம் பூதங்களோட சேர்க்கைதான்'னு சொன்ன பூதவாதிகிட்ட மட்டும், தன் பழைய பேய் உருவத்தையே காட்டிடுறா. செம கிளைமாக்ஸ்ல?

கிட்டத்தட்ட 900 பாட்டுல தத்துவ வாதம்னா யாரு உட்கார்ந்து கேட்பாங்க? ஊருக்கே தெரிஞ்ச பேய்னா கேட்பாங்க. புலவர் போட்ட கணக்கு இதுதான்னு எனக்குத் தோணுது.

இதுல விளையாட்டு இல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. நீலகேசி வாதத்துல ஜெயிக்கிற குண்டலகேசி, ஒரு பௌத்தக் காப்பியத்தோட நாயகி. அந்தக் காப்பியம் இன்னிக்கு முழுசா இல்லை. கொஞ்சம் பாட்டுதான் மிச்சம். நீலகேசியோ உரையோடு தப்பிச்சு, 1936-ல் அ.சக்கரவர்த்தி பதிப்பா அச்சேறிடுச்சு. படிக்க ஆள் இருந்தாதான் ஓலையைப் பிரதி எடுப்பாங்க. இல்லைன்னா கரையான்தான் கடைசி வாசகர்!

ஒன்பதாவது படிக்கிற தம்பிகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். அரை மணி நேரம் போனைத் தொடலை. 'புக் இருக்கா?'ன்னான். கொடுத்தேன். ரெண்டு பாட்டுலயே மூடிட்டான். பேய் வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டு வரும். உள்ளே கைப்பிடிச்சு நடத்த எளிய தமிழ் வேணும். அதனால இப்போ ராத்திரிக்கு ஒரு பாட்டு, உரையோட நானும் படிச்சு, அவனுக்குக் கதையா சொல்றேன். செமஸ்டருக்கு நடுவுல கஷ்டம்தான். ஆனா, 'அப்புறம்?'னு அவன் கேட்கிறானே!

2025-ல் வந்த மலையாளப் படம் 'லோகா', கள்ளியங்காட்டு நீலியை சூப்பர் ஹீரோ ஆக்குச்சு. நம்ம பழையனூர் நீலி இன்னும் ஒரு மார்க் கேள்வியாவே நிக்கிறா. கலிங்கத்துப்பரணியில பேய்களே அடுப்பு மூட்டிக் கூழ் சமைக்குது. சிலப்பதிகாரத்துல ஓர் இடாகினிப் பேய் காத்திருக்கு. ஸோம்பியை இறக்குமதி பண்ணத் தேவையே இல்லை ஃப்ரெண்ட்ஸ். உங்க ஊர் பேய் எந்தப் புத்தகத்துல ஒளிஞ்சிருக்கு? முதல்ல அதைத் தேடுங்க!