முதலில் ஓடு, பிறகு உறை

ம்யூனிக்கில் வேலை பார்க்கும் நண்பருக்கு ஒரு கேள்வி. அவருடைய பனிச்சறுக்கு பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தை உறை, அதாவது லைனர், தொய்ந்துவிட்டது. சூட்டில் இளகி, காலின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும் நுரை லைனர் போட இருநூறு யூரோவுக்கு மேல் ஆகும். போடலாமா? இன்ஸ்ப்ரூக்கில் ஒரு பூட் ஃபிட்டரைப் பார்க்கக் கிளம்பியவர் என்னையும் அழைத்தார்.

கடையின் கீழ்த்தளத்தில் பட்டறை. அறுபதை நெருங்கும் அந்த மனிதர் இத்தாலியின் மொண்டெபெல்லூனாக்காரர். நோர்டிகா, டெக்னிகா என்று பனிச்சறுக்குக்காரர்கள் அறிந்த பெயர்கள் பலவும் அந்த வட்டாரத்தில் பிறந்தவை. 1960களில் அமெரிக்காவின் பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்த பிறகு, தோல் தைத்த ஊர் பிளாஸ்டிக் வார்க்கக் கற்றுக்கொண்டது. இவருடைய அம்மா வீட்டிலிருந்தபடியே லைனர் தைத்துக் கொடுத்தவர். 1990களில் தையல் வேலை ருமேனியாவின் டிமிஷோரா பக்கம் போய்விட, மகன் ஆல்ப்ஸைத் தாண்டி இங்கே வந்துவிட்டார்.

லைனர் பற்றி நண்பர் ஆரம்பித்ததும் அவர் கைகாட்டி நிறுத்தினார். பூட்ஸிலிருந்து லைனரை உருவி ஓரமாக வைத்தார். வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடச் சொல்லி, விரல் நுனி முன்னால் தொடும்வரை தள்ளச் சொன்னார். பிறகு ஒரு மரக்கோலை எடுத்தார். ஒரு முனை 10 மில்லிமீட்டர் கனம், மறுமுனை 20. இங்கே வந்த புதிதில் தானே கடைந்ததாம். கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருந்தது. குதிகாலுக்கும் ஓட்டுக்கும் நடுவே மெல்லிய முனை ஓரளவு இடத்தோடு நின்றால் ஓடு சரி. தடித்த முனையே தாராளமாக நுழைந்தால் பெரிது. நண்பருக்குத் தடித்த முனை உள்ளே போய் ஆடியது.

"இந்த ஓட்டுக்குள் எவ்வளவு விலை கொடுத்து லைனர் போட்டாலும் உங்கள் குதிகால் மேலெழும்பத்தான் செய்யும்" என்றார்.

பனிச்சறுக்கு பூட்ஸுக்குப் பாதத்தின் நீளமே அளவு, சென்டிமீட்டரில் சொல்வார்கள். நண்பரின் பாதம் 26. வாங்கியது 27.5. கடையில் நிமிர்ந்து நின்றபோது விரல் இடிக்காததே காரணம். முழங்காலை முன்னால் மடக்கினால் குதிகால் பின்னுக்குப் போய் விரல் தானாக விடுபடும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 26க்கும் 26.5க்கும் பெரும்பாலும் ஓடு ஒன்றேதான் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வேறொருவருக்கு லைனர் சூடேற்றுவதைப் பார்த்தேன். சிறு அடுப்பில் 120 டிகிரி அளவில் பத்து நிமிடம்போல். விரல்களுக்கு இடம் கிடைக்க ஒரு தொப்பி, மேலே மெல்லிய காலுறை. கால் நுழைந்ததும் கொக்கிகளை மாட்டி, ஆறும்வரை அசையாமல் நிற்க வேண்டும். எலும்பு துருத்தும் இடத்தில் நுரை அமுங்குகிறது, பள்ளமான இடத்தில் உப்பியே நிற்கிறது. அந்த வாடிக்கையாளர் சீசன் முழுக்கச் சறுக்கக் கற்றுக்கொடுப்பவர், பூட்ஸோடு வாழ்கிறவர். இருநூறு யூரோ அவருக்கு நியாயமான செலவு. கணுக்கால் எலும்பு புடைத்தவர்களுக்கும், காலால் மலையேறிச் சறுக்குபவர்களுக்கும், சீக்கிரம் கால் விறைத்துவிடுபவர்களுக்கும் அப்படியே.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். அந்த மரக்கோல் வேலைக்குக் கட்டணமே கிடையாது. இங்கே அரைமணி நேரம் கால் அளந்துகொண்டு, சரியான மாடலைத் தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய் நாற்பது யூரோ குறைவாக இணையத்தில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விற்பனைத் தளம் யார் காலையும் தொடுவதில்லை. தொட்டவரின் அறிவை வைத்துக் காசு பார்க்கிறது. பொருந்தாத பூட்ஸோடு ஆள் திரும்பி வருவதும் இவரிடம்தான். கைத்திறனுக்கு ரசீதில் ஒரு வரி இல்லாத எந்தத் தொழிலும் இப்படித்தான் உறிஞ்சப்படும். அளப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கத்தான் வேண்டும், கொடுக்கத்தான் வேண்டும்.

நண்பர் 26.5 பூட்ஸ் வாங்கினார். அதோடு வந்த லைனரே ஓரளவு சூட்டுக்கு இளகும் வகை. மிச்சப் பணத்தில் பாதத்தின் வளைவைத் தாங்கும் அடித்தட்டு செய்துகொள்ளச் சொன்னார் ஃபிட்டர். வருடத்தில் ஒரு வாரம் சறுக்குகிறவருக்கு இப்போதைக்கு அது போதுமாம். "அந்த ஒரு வாரம் முடிந்ததும் பூட்ஸைக் கொண்டு வாருங்கள். எங்கே வலிக்கிறது என்று பனியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டைச் சூடாக்கித் தள்ள வேண்டுமா, லைனர் மாற்ற வேண்டுமா என்று அப்போது சொல்கிறேன்."