கோதுமை நாட்டில் ஒரு பிஸ்கட் தேடல்

தில்லியில் குளூட்டன் இல்லாத பிஸ்கட் வாங்க வேண்டுமென்றால் நாக்கைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம்.

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் நுழைகிறவருக்கு முதலில் விழித்துக்கொள்வது மூக்கு. ஒரு பக்கம் மீனும் நண்டும், இன்னொரு பக்கம் மசாலா மூட்டைகள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தேடி வரும் தென்னிந்தியர்கள், மூங்கில் குருத்து கேட்கும் வடகிழக்கு மாநிலத்தவர்கள், சீஸும் ஆலிவ் எண்ணெயும் வாங்க வரும் வெளிநாட்டினர் என்று தலைநகரின் பல வயிறுகள் இந்தக் குறுகிய சந்துகளில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடக்கின்றன. வேறெங்கும் கிடைக்காதது இங்கே கிடைக்கும் என்பது தில்லிவாசிகளின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில்தான் ஒரு சனிக்கிழமை முற்பகல் திலக் நகரிலிருந்து ஒரு தாயும் ஒன்பது வயது மகளும் வந்திருந்தார்கள். வெளிநாட்டு மளிகைச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் சிறுமி ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள். முன்பக்கத்துப் படத்தை அவள் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை விரல் வைத்துப் படித்தாள். பாதியிலேயே நிறுத்தினாள்.

“இதில பார்லி மால்ட் இருக்கும்மா.”

பொட்டலம் அலமாரிக்குத் திரும்பியது. கடைக்காரர் வியப்படையவில்லை. இப்படிப் படிக்கும் பிள்ளைகளை அவர் பார்த்துப் பழகியவர். ஐ.என்.ஏ.வுக்கு அடுத்த மெட்ரோ நிலையம் எய்ம்ஸ். அந்த மருத்துவமனையிலிருந்து சீட்டும் கையுமாக நேரே இங்கு வருகிறவர்கள் உண்டு.

சிறுமியின் நோய்க்குப் பெயர் சீலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடல் விரல்கள் தேய்ந்து தட்டையாகிவிடும். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. இந்தச் சிறுமி ஏழு வயதில் ஐந்து வயது உயரத்தில் நின்றாள். இரும்புச் சத்து டானிக் பாட்டில் பாட்டிலாக உள்ளே போயும் சோகை தீரவில்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் காரணத்தைக் காட்டின. மருந்து என்று எதுவும் இல்லை. ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்குவது ஒன்றே சிகிச்சை. விலக்கினால் குடல் மெல்லத் தேறிவிடும். அவளும் இரண்டே ஆண்டுகளில் வகுப்பின் முதல் வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்கு வளர்ந்துவிட்டாள்.

அம்மா மதுரைப் பக்கம், அப்பா பஞ்சாபி. நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்டபோது மதுரை உறவினர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்றால் அதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் மூன்று பகுதிகளில் பெரியவர்களிடையே நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வின்படி, வடக்கே 1.23 சதவீதம் பேரின் ரத்தத்தில் இந்த நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் இருந்தன. வடகிழக்கில் 0.87 சதவீதம். தெற்கிலோ 0.10 சதவீதம்தான். அதாவது ஆயிரத்தில் ஒருவர். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக் கூறுகள் மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. தட்டில் விழும் கோதுமையில்தான் வித்தியாசம்: வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆனால் கோதுமை குறைவாகவே உண்ணும் வடகிழக்கில் நோய் அவ்வளவு குறைவாக இல்லை. ஆகவே கோதுமை மட்டுமே முழுக் கதை என்றும் சொல்லிவிட முடியாது.

இட்லி, தோசை, சோறு என்று வளர்ந்த அம்மாவுக்கு மகளின் மூன்று வேளைச் சாப்பாடு பெரிய சவாலாக இல்லை. ரவா தோசையும் சேமியாவும் போயின. சாம்பாரில் மட்டும் ஒரு கண்ணி இருந்தது: பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. அரிசி மாவு சேர்த்த டப்பாவைத் தேடிக் கண்டுபிடித்ததோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. தீராதது பிஸ்கட். பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் நாற்பது டப்பாக்கள் திறக்கும், கைகள் மாறும். அந்த நேரத்தில் இவள் மட்டும் தன் டப்பாவை மூடியே வைத்திருந்தாள். யாரிடமும் வாங்கவும் முடியாது; இவளுடைய பொரிக்கும் வேர்க்கடலைக்கும் அங்கே மதிப்பும் கிடையாது.

அலமாரியில் பொட்டலங்களுக்குக் குறைவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதை ஒட்டி ராகி, சோளம், கம்பு என்று எழுதிய பிஸ்கட்டுகள் பெருகின. ஆனால் சிறுதானியம் என்ற சொல் ஒரு காவல்காரன் அல்ல. பொட்டலத்தின் முன்னால் ராகிக் கதிர் தலையசைத்துக்கொண்டிருக்கும். பின்னால் திருப்பினால் முதல் பெயரே கோதுமை மாவு. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதலில் வருவதுதான் உள்ளே மிகுதி. ராகி நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்து வணக்கம் சொல்லும்.

ஓட்ஸில் இயல்பாகவே கோதுமைக் குளூட்டன் கிடையாது. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு பழகிவிடுவதால், தனியே காத்துப் பதப்படுத்தியதாக இருந்தாலொழிய நம்ப முடியாது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவுக்குத்தான் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற முத்திரையை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் அனுமதிக்கின்றன. அம்மாவும் மகளும் தேடியது அந்த முத்திரையை. ஒரு மணி நேரத்தில் பதினைந்து பொட்டலங்களைப் படித்தார்கள். தேறியவை நான்கு. விலையைப் பார்த்து அம்மா ஒரு கணம் தயங்கினார். பத்து ரூபாய்ப் பிஸ்கட்டுகளை மலைபோல் குவித்து விற்கும் நாட்டில் இந்த நான்கில் எதுவும் நூற்றைம்பதுக்குக் குறைவில்லை. பக்கத்தில் நின்ற இளம்பெண் ஒருத்தி, உடல் இளைக்க நல்லது என்று அதே பொட்டலத்தைக் கூடையில் போட்டாள். சர்க்கரையும் கொழுப்பும் தாராளமாக உள்ள பண்டத்தில் இளைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் அவளைப் போன்றவர்கள் வாங்குவதால்தான் அலமாரி நிறைகிறது. ஒருத்தியின் நாகரிகம் இன்னொருத்தியின் மருந்துக்கு வழி செய்கிறது.

சாலைக்கு எதிர்ப்புறம் 1994இல் தொடங்கப்பட்ட தில்லி ஹாட். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், மோமோ ஆவி பறக்கும் கடைகளிலிருந்து தள்ளி ஒரு திண்டில் உட்கார்ந்தார்கள். சோதனை தொடங்கியது.

முதல் பொட்டலம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. மக்காச்சோள மாவுச்சத்து, அரிசி மாவு, சர்க்கரை, பாமாயில். பார்வைக்குக் குறையில்லை. கடித்ததும் மொறுமொறுவென்று உடைந்தது. அடுத்த கணம் வாயெங்கும் மணல். சிறுமி தண்ணீர் கேட்டாள். இரண்டாவது பாதாம் மாவில் செய்தது. வெண்ணெயும் வாசனையுமாக நாவில் கரைந்தது. “இது பிஸ்கட் இல்லம்மா, ஸ்வீட்” என்று தீர்ப்பு வந்தது. விலையைக் கணக்கிட்ட அம்மாவும் மறுக்கவில்லை. மூன்றாவது சோளமும் கேழ்வரகும் வெல்லமும் சேர்ந்தது. மண் நிறம், கரகரப்பு, கொஞ்சம் கருகல் மணம். அம்மா இரண்டு எடுத்துக்கொண்டார். பள்ளி விட்டு வந்ததும் தன் ஆச்சி கொடுத்த கேழ்வரகு அடையை நினைத்திருக்க வேண்டும். மகள் ஒன்றோடு நிறுத்தினாள். நான்காவது, இரண்டு வெளிறிய வட்டங்களுக்கு நடுவே வெள்ளைக் கிரீம் தடவியது. இனிப்பு தூக்கல். மாவில் தனிச் சுவை ஒன்றும் இல்லை.

மாவுக்கு இந்த நிலை ஏன்? கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது குளூட்டனின் இரண்டு புரதங்கள் பின்னிக்கொண்டு இழுவையுள்ள வலையாகின்றன. சப்பாத்தி கிழியாமல் விரிவதும், ரொட்டி காற்றைப் பிடித்து உப்புவதும் அந்த வலையால்தான். பிஸ்கட்டுக்கு அவ்வளவு இழுவை தேவையில்லை. நெய்யோ வெண்ணெயோ மாவைப் பூசிக்கொண்டு வலையை வளரவிடாமல் தடுப்பதால்தான் பிஸ்கட் பொறுபொறுவென்று உடைகிறது. அதனால் குளூட்டன் இல்லாமல் ரொட்டி செய்வதைவிட பிஸ்கட் செய்வது எளிது. ஆனாலும் துளி ஒட்டுதல் வேண்டும். அதற்கு சாந்தன் கம் என்ற பசைப்பொருளைச் சேர்க்கிறார்கள். அரிசி மாவின் குருணை எளிதில் ஊறாது. மணல் போல் நெருடுவது அதுதான். அந்த நெருடலை மறைக்கச் சர்க்கரையும் கொழுப்பும் கூடுகின்றன.

எது வேண்டும் என்று அம்மா கேட்டார். சிறுமி யோசிக்காமல் நான்காவதைக் காட்டினாள். அதுவா நன்றாக இருந்தது? இல்லை, கேழ்வரகுதான் நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொண்டாள். பிறகு ஏன்?

“இதுதான் எல்லாரோட பிஸ்கட் மாதிரியே இருக்கு.”

திலக் நகர் வீட்டில் இந்தத் தேடலின் முடிவுக்காகக் காத்திருந்தவர் ஒருவர் உண்டு. சிறுமியின் தாதி, அதாவது அப்பாவின் அம்மா. பிரிவினையில் வந்து சேர்ந்த பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. ஆட்டா, நெய், சர்க்கரை மூன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போய், பேட்டைப் பேக்கரியில் கண்முன்னே பிசைந்து சுட்டுவாங்கி வருவது பஞ்சாபி வீடுகளின் பழைய வழக்கம். நெய்யில் கலப்படம் இல்லை, மாவு நம் மாவு என்ற நிம்மதி. தாதியும் குளிர்காலந்தோறும் சூளைக்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்து, டின் நிறைய ஆட்டா பிஸ்கட்டோடு திரும்புவார். பேத்திக்குப் பல் முளைத்தபோது அதைப் பாலில் நனைத்து ஊட்டியவரும் அவர்தான். அந்த பிஸ்கட்டே பேத்தியின் குடலை அரித்தது என்று டாக்டர் சொன்னதை அவரால் நீண்ட நாள் ஏற்க முடியவில்லை. கோதுமை விஷமா? பஞ்சாபில் இப்படி ஒரு பேச்சை யார் கேட்டது?

உலகமும் நீண்ட நாள் அதைக் கேட்டதில்லை. ஹாலந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேவுக்குப் போருக்கு முன்பே கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டைப் பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைக்காமல் ஊரே மெலிந்தபோது, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தன் ஆய்வேட்டில் கோதுமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அதுவரை வாழைப்பழ உணவு முதல் பல வைத்தியங்கள் நடந்துகொண்டிருந்தன.

அரிசி மாவைக் கொண்டுபோய் அதே பேக்கரியில் சுட்டு வாங்கலாமே என்று தாதி ஒருமுறை கேட்டார். முடியாது என்று மருமகள் விளக்க வேண்டியிருந்தது. அதே இயந்திரம், அதே தட்டு, காற்றிலெல்லாம் மைதாத் தூசி. நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் போனாலே குடல் கெடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ரொட்டித் துண்டில் சின்னத் துணுக்கு போதும் அதற்கு. அந்தக் குளிர்காலத்திலிருந்து தாதி பேக்கரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். பேத்தி தொடக்கூடாத பண்டம் வீட்டில் எதற்கு என்பது அவர் கட்சி. டின்னைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தார். இரண்டு வருடமாக அதில் பொத்தான்கள் இருக்கின்றன.

திங்கட்கிழமை கிரீம் பிஸ்கட் பள்ளிக்குப் போனது. மாலையில் டப்பா காலியாகத் திரும்பியது. மூன்று பேருக்குக் கொடுத்ததாகச் சிறுமி சொன்னாள். அவர்கள் என்ன சொன்னார்கள்? ஒன்றும் சொல்லவில்லை, தின்றுவிட்டார்கள். ஒன்றும் சொல்லாததுதான் அன்றைய பெரிய செய்தி.

அந்தப் பொட்டலத்தை எறிய வேண்டாம் என்று தாதி கேட்டு வாங்கிக்கொண்டார். குர்முகியும் இந்தியும் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. அவருடைய பர்சில் ஒரு சிறிய காகிதம் மடித்து வைத்திருக்கிறார். அதில் கோதுமையைக் குறிக்கும் ஐந்து ஆங்கில எழுத்துகளை மருமகள் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கீழே பார்லி. கடைக்குப் போனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காகிதத்தை ஒரு கையிலும் பொட்டலத்தை மறு கையிலும் பிடித்து, எழுத்தோடு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பார். கடைப் பையன்கள் அவசரப்படுத்தினாலும் விடமாட்டார்.

அன்று மாலை சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து காலிப் பொட்டலத்தைக் கடைசி வரிவரை பார்த்தார். அந்த ஐந்து எழுத்து எங்கும் இல்லை. இரண்டாம் முறையும் பார்த்தார். பிறகு பொத்தான் டின்னைக் கீழே எடுத்து, பொத்தான்களை ஒரு துணிப்பையில் கொட்டினார்.